மொய் நோட்டைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள்

போன மாதம் இந்தப் பகுதியில் எங்கள் அம்மாயி வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர். விசாரித்துக்கொண்டே போனதில், அம்மாயிக்கு மூத்த அக்கா ஒருத்தி இருந்ததும், கல்யாணமாகி ஒரே வருஷத்தில் பிரசவத்தில் இறந்துபோனதும், சீராகப் போன குடம் மட்டும் திரும்பி வந்ததும் தெரிந்தது. அந்தக் குடம் இல்லையென்றால் அப்படி ஒருத்தி பிறந்ததற்கே எங்கள் வீட்டில் சாட்சி கிடையாது. அதைப் படித்துவிட்டு நிறையப் பேர், தங்கள் வீட்டுக் கதைகளை எப்படிச் சேர்த்து வைப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதம் முழுக்க அந்தக் கேள்விகள்தான்.

கேள்வி: என் அப்பத்தாவுக்கு 88 வயது. ஞாபகம் நன்றாக இருக்கிறது. ஆனால் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க அப்பத்தா" என்றால், "என்னத்தச் சொல்ல, பொறந்தேன், வாக்கப்பட்டேன், பெத்தேன், அம்புட்டுத்தேன்" என்று எழுந்து போய்விடுகிறார். எப்படிப் பேச வைப்பது?
– வாசகி, சிவகங்கை

பதில்: கேள்வி ரொம்பப் பெரிது, அதுதான் காரணம். உன் வாழ்க்கையைப் பற்றிச் சொல் என்று திடீரென்று கேட்டால் நீங்களும் நானும்கூட அப்படித்தான் எழுந்து போவோம். அதுவும் அந்தக் காலத்துப் பெண்களிடம், உங்கள் வாழ்க்கை சொல்லத்தக்கது என்று யாரும் சொன்னதே இல்லை. சின்னதாகக் கேளுங்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி என்ன சாப்பாடு, யார் பரிமாறியது, குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் போனீர்கள், கூட யார் யார் வந்தார்கள், மாமியார் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார், வீட்டுக்குக் கரண்டு வந்த அன்று முதலில் ஸ்விட்ச் போட்டது யார். இப்படி ஒன்றைப் பிடித்தால் அது பத்தை இழுத்துக்கொண்டு வரும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் கிணற்றடிச் சண்டை வரும், சண்டையைத் தொட்டால் பேசாமல் இருந்த பத்து வருஷம் வரும், அதற்குள் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்னம்மா வந்துவிடுவார்.

எதிரே உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். பூண்டு உரிக்கும்போது, புளி கொட்டை எடுக்கும்போது, கீரை ஆயும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை போடுங்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும், கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டாம் என்பதாலேயே சில விஷயங்கள் வெளியே வரும். ஃபேனை நிறுத்துங்கள், டிவியை நிறுத்துங்கள். போனை மடித்த துண்டின் மேல் அவர் பக்கம் வையுங்கள், தரையில் வைத்தால் பாத்திரச் சத்தம்தான் பதிவாகும். பதிவு ஓடுகிறது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள், தெரியாமல் எடுக்காதீர்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். ஆரம்பத்தில் உங்கள் குரலில் தேதி, ஊர், பேசுபவர் பெயர், அவருக்கு நீங்கள் என்ன உறவு என்பதைச் சொல்லிவிடுங்கள். ஐம்பது வருஷம் கழித்து அதைக் கேட்பவருக்கு உங்களையும் தெரியாது.

அப்புறம், இடையில் திருத்தாதீர்கள். "இல்ல அப்பத்தா, அது சித்தப்பா கல்யாணத்துல நடந்தது" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அதோடு கதவு சாத்திவிடும். திருத்துகிற பழக்கம் உள்ள பெரியப்பா யாராவது வீட்டில் இருந்தால் அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பாருங்கள். அப்பத்தா பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் கொஞ்சம் பொறுங்கள்.

பாட்டைக் கேளுங்கள். ஒன்றுமே தெரியாது என்கிற பாட்டிகளுக்கு இருபது தாலாட்டு தெரியும். அந்தத் தாலாட்டில் மாமன் பெயரும் ஊரும் வரும், அவர் கொண்டுவந்த சீர் வரும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள், ஆகாது என்று நினைப்பார்கள், அந்த நினைப்பை மதியுங்கள். தோட்டத்துப் பக்கம் போகும்போது, உங்க அம்மா இறந்தப்போ என்ன சொல்லி அழுதீங்க என்று மெதுவாகக் கேட்கலாம். சொன்னால் சொல்லட்டும், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எழுதி வைக்கும்போது அவர் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றவே வேண்டாம். "அம்புட்டுத்தேன்" என்பதை "அவ்வளவுதான்" என்று மாற்றிய நிமிஷமே சிவகங்கை போய்விடுகிறது. குலுக்கை, சும்மாடு, மரக்கால் என்று அவர் சொல்வதை அப்படியே எழுதி, புரியாததற்கு அவரிடமே பொருள் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். இன்னொரு வேலை, இது அலுப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண்: பதிவு எடுத்த மறுநாளே, எத்தனையாவது நிமிஷத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். முப்பது மணி நேரப் பதிவை உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்கப் போவதில்லை, 22ஆவது நிமிஷத்தில் தாத்தா ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதை இருக்கிறது என்று எழுதியிருந்தால் கேட்பார்கள்.

88 வயதில் தொடங்கலாமா என்ற தயக்கமே வேண்டாம். உ.வே.சாமிநாதையர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுதத் தொடங்கியது 1940இல், அப்போது அவருக்கு 85 வயதை ஒட்டி. 1942 ஏப்ரலில் அவர் இறந்தபோது கதை பாதியில்தான் நின்றது. அந்தப் பாதிதான் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டு ஊர்களை நமக்குக் கண்ணில் காட்டுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வம்சாவளிப் புத்தகம் போடுகிறோம். ஏழு தலைமுறை சேர்த்துவிட்டோம். பெண் பிள்ளைகள் பெயரைப் போட வேண்டுமா என்று பங்காளிகள் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். "வேற வீட்டுக்குப் போனவங்களுக்கு இங்க என்ன" என்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: போடுங்கள். பெண் பிள்ளைகளையும் போடுங்கள், வீட்டுக்கு வந்த மருமகள்களையும் அவர்களுடைய சொந்தப் பெயரோடும் பிறந்த ஊரோடும் போடுங்கள். இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஏழு தலைமுறையும் அப்பாக்கள் மட்டுமா பெற்றார்கள்? அம்மாக்களை விட்டுவிட்டால் உங்கள் கையில் இருப்பது வம்சத்தில் பாதி, அதைப் பாதி என்று அட்டையில் அச்சடிக்கவும் மாட்டீர்கள்.

இது உங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதாகிவிட்டது, பெரும்பாலும் வட மாநிலங்களில். நம் வீட்டு வம்சாவளிகளில் அதே வேலையை எந்த அதிகாரியும் இல்லாமல் நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

பெயர் தெரியவில்லையே என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். தேடினால் கிடைக்கும். முதலில் பரணில் இருக்கும் பாத்திரங்களை இறக்குங்கள். தவலை, குடம், அண்டா, குத்துவிளக்கின் அடி, எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும், சிலவற்றில் வருஷமும் இருக்கும். அடுத்து பத்திரங்கள். ஆண் பெயரில் இருக்கும் கிரயப் பத்திரத்தில் பெண்கள் வர மாட்டார்கள், ஆனால் பாகப் பிரிவினை, உயில், தான செட்டில்மென்ட் இவற்றில் வருவார்கள். எல்லாவற்றையும்விட விடுதலைப் பத்திரத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989இல் வந்த சட்டத் திருத்தம், அதுவரை கல்யாணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுக்க அந்த உரிமை வந்தது. அதற்குப் பிறகு பல வீடுகளில் அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், பங்கு வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் முழுப் பெயர், கணவர் பெயர், ஊர், வயது எல்லாம் அந்தப் பத்திரத்தில்தான் ஒழுங்காக இருக்கிறது. பங்கை விட்டுக்கொடுக்கும்போதுதான் பெண் பெயர் காகிதத்தில் ஏறியது என்பதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உங்கள் கூட்டத்தில் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஸ்டுடியோ போட்டோக்களை லேமினேட் செய்துவிட்டால் கெடாது என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, திருவாரூர்

பதில்: கூடவே கூடாது. சூடும் பசையும் ஏறிய பிறகு அதைப் பிரிக்கவே முடியாது, போட்டோ கெட ஆரம்பித்தால் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வழியில்லை. பக்கமெல்லாம் பசை தடவி மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பத்தில் ஒட்டியிருந்தால், முதலில் ஒட்டியபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் மெல்லிய நூலை அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். பூஜை அறையில் மாலை போட்டிருக்கும் தாத்தா படத்துக்கு ஒரு நகல் போட்டு மாட்டிவிட்டு அசலைப் பீரோவில் வையுங்கள், மாலையின் ஈரமும் சாம்பிராணிப் புகையும் சட்டத்துக்குள் போய்விடுகிறது. படத்துக்குப் பின்னால் பென்சிலால் யார் யார் என்று எழுதுங்கள், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விடும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டியில் போட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது என்று எங்கள் வீட்டில் செய்வார்கள், நானும் செய்கிறேன். உறவினர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் முகம் எல்லாம் கலங்கித்தான் போய்ச் சேரும்.

கேள்வி: தாத்தாவின் ஜாதக நோட்டில் "துந்துபி வருஷம் மாசி மாதம்" என்று இருக்கிறது. ஆச்சியின் அப்பா எழுதிய பத்திரத்தில் வருஷம் 1099 என்று இருக்கிறது. இரண்டையும் இங்கிலீஷ் தேதியாக மாற்றுவது எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தமிழ் வருஷங்கள் 60, பிரபவ தொடங்கி அட்சய வரை, அப்புறம் மறுபடி பிரபவ. இப்போதைய சுற்றில் பிரபவ 1987 சித்திரையில் தொடங்கியது. துந்துபி 56ஆவது, ஆகவே முந்தைய சுற்றின் துந்துபி 1982, அதற்கும் முந்தையது 1922. தாத்தாவுக்கு எது பொருந்தும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு விஷயத்தில் எல்லோரும் தவறுகிறார்கள்: தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறப்பதால், மார்கழி பாதியிலிருந்து பங்குனி வரை அடுத்த இங்கிலீஷ் வருஷத்துக்குள் போய்விடும். 1922 துந்துபி மாசி என்றால் 1923 பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதிக்குள். கையெழுத்து மங்கியிருந்தால் குரோதியையும் குரோதனையும் பிரித்துப் பாருங்கள், 1964 வேறு, 1985 வேறு. அதே மாதிரிதான் விரோதியும் விரோதிகிருதும்.

1099 என்பது கொல்லம் ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த மண், அதனால் உங்கள் ஊர்ப் பழைய பத்திரங்களில் அந்தக் கணக்குத்தான். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824, ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை என்றால் 825 கூட்டுங்கள். 1099 என்றால் 1923 ஆகஸ்டிலிருந்து 1924 ஆகஸ்ட் வரை. 1924 ஜூலையில் கேரளத்தை மூழ்கடித்த பெருவெள்ளத்தை அங்கே இன்னும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். ஆச்சி "வெள்ளம் வந்த வருஷம்" என்று எதையாவது சொல்லியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி தெரியாதவர்களிடம் தேதி கேட்காமல் சம்பவம் கேட்பது நல்லது. காந்தி இறந்தப்போ நீங்க எத்தனை உயரம், தனுஷ்கோடி புயலடிச்சப்போ கையில் குழந்தை இருந்ததா, எந்தக் குழந்தை. புயல் என்றால் 1964 டிசம்பர் என்று நாம் போட்டுக்கொள்ளலாம். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும் முழுதாக நம்பாதீர்கள், அது பெரும்பாலும் சேர்க்க வந்த அன்று வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட தேதி.

கேள்வி: அப்பா 1974இல் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்களை அழைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அப்போது 4 வயது. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. பள்ளியில் சொந்த ஊர் எது என்று கேட்டார்களாம், என்ன சொல்ல என்று பேத்தி கேட்கிறாள். எனக்கே தெரியவில்லையே, எங்கே போய்த் தேடுவது?
– வாசகி, கூடலூர்

பதில்: உங்கள் கடிதத்தை நான்கைந்து தடவை படித்தேன். பேத்திக்கு முதலில் இதைச் சொல்லுங்கள், சொந்த ஊர் இல்லாமல் போகவில்லை, மூன்று ஊர் இருக்கிறது: முன்னோர் கிளம்பிப்போன ஊர், நீங்கள் விட்டு வந்த தோட்டம், இப்போது இருக்கும் கூடலூர்.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. உங்கள் அப்பா பெயர் அந்தக் கணக்கில் எங்கேயோ ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தவரைத் தேடுவதுதான் இப்போது வேலை.

வீட்டில் தகரப் பெட்டி ஏதாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, மறுவாழ்வுக் கடனுக்கான காகிதம், எதுவாக இருந்தாலும் எறியாதீர்கள். தோட்டத்தின் பெயரைக் கண்டுபிடித்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள், வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்டது இன்னொன்று, ஒன்றை வைத்து மற்றதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காகிதம் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்த்த கங்காணிகள் ஆள் பிடித்தது தங்கள் சொந்த ஊர், சுற்றுப்பட்டு ஊர், உறவு என்றுதான். அதனால் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடு) அடுத்தடுத்த காம்பராவில் (அறை) இருந்தவர்களின் பூர்விகம் பெரும்பாலும் ஒரே பக்கமாக இருக்கும், திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று. உங்கள் அப்பாவோடு அந்தத் தோட்டத்தில் இருந்த குடும்பங்களில் யாருக்காவது தங்கள் ஊர் தெரிந்திருந்தால் அதிலிருந்து பிடித்துவிடலாம். குலதெய்வத்தின் பெயரும் ஊருக்கு வழி காட்டும். அப்பா தோட்டத்துக் கோயிலில் எந்தச் சாமிக்குக் கிடா வெட்டினார், அந்தச் சாமி பெயருக்கு முன்னால் ஏதாவது ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்ததா என்று மூத்தவர்களிடம் கேளுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தார்கள், அதுதான் பிறகு டான்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. பந்தலூர், சேரம்பாடி என்று அந்தக் குடியிருப்புகளில் அழுகைக் கோச்சியில், அதாவது உறவுகளை விட்டு அழுதுகொண்டே கிளம்பிய அந்த ரயிலில், தலைமன்னார் வரை வந்து, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பதிவு செய்யுங்கள். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் போட நிற்பது, கவ்வாத்து வெட்டுவது, கொழுந்து நிறுக்கும்போது எத்தனை கிலோவைக் கழிப்பார்கள், ரயில் கிளம்பும்போது யார் யார் கைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார்கள். இதெல்லாம் உங்கள் அப்பாவின் கதையும்தான், வேறு வாயிலிருந்து வந்தாலும். பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: "நாம ஜமீன் பரம்பரை" என்று பெரியப்பா சொல்லிச் சொல்லி நாங்கள் வளர்ந்தோம். வீட்டை இடிக்கும்போது கிடைத்த 1931ஆம் வருஷப் பத்திரத்தில், கொள்ளுத்தாத்தா ஜமீன் நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டியவர் என்றும், கடனுக்காக இரண்டு மாட்டையும் எழுதிக்கொடுத்தவர் என்றும் இருக்கிறது. பெரியப்பாவுக்கு 79 வயது. சொல்லலாமா?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: கூட்டத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். பத்திரத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்து, தனியாக இருக்கும்போது, எனக்கு இந்தக் கையெழுத்துப் புரியவில்லை, படித்துக் காட்டுங்கள் பெரியப்பா என்று கேளுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள். பெரியப்பா இப்படிச் சொன்னார், பத்திரம் இப்படிச் சொல்கிறது. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க வேண்டாம், மாட்டை இழந்த ஒருவரின் பேரன் ஏன் ஜமீன் கதை சொல்ல வேண்டியிருந்தது என்பதும் உங்கள் குடும்ப வரலாறுதான். எனக்கென்னவோ இரண்டு மாட்டையும் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் எப்படி உழுதார் என்பதுதான் ஜமீனைவிடப் பெரிய கதையாகத் தெரிகிறது. பத்திரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லையும் போட்டிருக்கும், பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயரும் சாட்சிகள் பெயரும் இருக்கும், அவர்கள் வீடுகளிலும் போய்க் கேளுங்கள்.

உண்மையிலேயே ஜமீன், பண்ணை என்று வாழ்ந்த வீட்டு வாசகர்களுக்கும் இதை ஒட்டி ஒன்று. உங்கள் வீட்டுக் கதையில் குதிரைக்குப் பெயர் இருக்கிறது, வில்வண்டிக்குத் தேதி இருக்கிறது. நாற்பது வருஷம் அந்த வீட்டில் நெல் குத்தியவளுக்குப் பெயர் இருக்கிறதா? அவள் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? கொல்லைப்புறமாக வந்து நின்றவர்களை ஏன் அங்கே நிற்க வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள், அதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய்க் கணக்கு. உயிரோடு இருப்பவர்களுக்குக் காயம் தரும் விஷயமென்றால், இரண்டாம் கல்யாணமோ கோர்ட் வழக்கோ, எழுதி உறையில் ஒட்டி, எந்த வருஷம் திறக்கலாம் என்று மேலே குறித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில் இருந்தது. போரில் போய்விட்டது, ஒரு படம்கூட இல்லை. அம்மம்மா எங்களோடுதான் இருக்கிறார். என் பிள்ளைகளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. எந்த மொழியில் என்ன செய்து வைக்கலாம்?
– வாசகர், டொராண்டோ

பதில்: பெரிய தாள் ஒன்றை விரித்து, பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுத்து, அம்மம்மாவை வீட்டைச் சொல்லச் சொல்லுங்கள். படலையில், அதாவது வேலி வாசல் கதவில், தொடங்கட்டும். முற்றம் எந்தப் பக்கம், கிணறு எங்கே, துலா எந்தப் பக்கம் சாயும், குசினிக்குப் பக்கத்தில் என்ன மரம், வேலியின் எந்த இடத்தில் பொட்டு (ஆள் நுழையும் இடைவெளி) இருந்தது, அதற்குள்ளால் புகுந்து யார் வீட்டுக்குப் போவார்கள். பிள்ளைகள் தப்பாகக் கீறுவார்கள், அம்மம்மா "இல்லையடா, அங்காலை" என்று திருத்துவார், அந்தத் திருத்தத்தில்தான் கதைகள் வரும். எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே செய்யுங்கள். குரல் தமிழிலேயே இருக்கட்டும், கீழே சுருக்கத்தைப் பிள்ளைகள் தங்களுக்கு வாசிக்க வரும் மொழியில் தாங்களே எழுதட்டும்.

1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்துகொண்டிருந்தபோது ஏறத்தாழ 97 ஆயிரம் புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதற்குப் பிறகு 2005இல் ஆர்வமுள்ள சிலர் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஓர் ஆவணகம் தொடங்கினார்கள், ஈழத்துப் புத்தகம், இதழ், கோயில் மலர், கல்வெட்டு என்று இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு என்று நான் சொல்வது, உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒருவர் இறந்த 31ஆம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரைத்தான். அதில் வம்சாவளி இருக்கும். உங்கள் சொந்தக்காரர்கள் யாருடையதாவது அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள், கையில் இருப்பதை அவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: வீடு மாறுகிறோம். 1962இல் என் பெற்றோர் கல்யாணத்திலிருந்து எழுதிய மொய் நோட்டு மொத்தம் 11 இருக்கிறது. எல்லோருக்கும் திருப்பிச் செய்தாயிற்று, பழைய பேப்பருக்குப் போட்டுவிடலாம் என்கிறார் மகன். அப்பாவுக்கு மனசு இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, மதுரை

பதில்: போடவே போடாதீர்கள். 1962இல் உங்கள் குடும்பத்துக்கு யார் யார் வேண்டியவர்கள், எந்தெந்த ஊர், யார் 1 ரூபாய், யார் 11 ரூபாய், யார் பணமில்லாமல் இரண்டு மரக்கால் அரிசியோ ஒரு பித்தளைத் தவலையோ கொண்டுவந்தார்கள் என்று அன்றைக்கே உட்கார்ந்து எழுதிய கணக்கு அது. எந்த நோட்டில் யார் பெயர் திடீரென்று நின்றுபோகிறது என்று பாருங்கள், அங்கே ஒரு சாவோ சண்டையோ இருக்கும். எங்கள் வீட்டு நோட்டு ஒன்றில் "பேர் சொல்லவில்லை – 2 ரூபாய்" என்று ஒரு வரி இருக்கிறது, அது யார் என்று இன்றைக்கும் நான் யோசிக்கிறேன்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் கழித்துக் கட்டிய பழைய புத்தகம், நாடக நோட்டீஸ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் காலமானார், 1994இல் அந்தச் சேர்க்கைதான் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. உங்கள் 11 நோட்டு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, புது வீட்டில் ஒரு தட்டு ஒதுக்கினால் போதும்.

அதற்கு முன்னால், மகனை விட்டு ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அப்பாவை உட்கார வைத்து முதல் நோட்டிலிருந்து பெயர்களைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டரைப் போட்டுவிடுங்கள். அவர் வெறும் பெயரோடு நிறுத்த மாட்டார். 11 நோட்டு, வாரம் ஒன்று என்றாலும் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும்.